பாலின அடையாளம் மரபணுவில் எழுதியிருக்கிறதா? அது மனநோயா? ஆய்வுகளும் சட்டமும் சொல்வது என்ன?

"ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமா? மருந்து கொடுத்தா சரியாகிடுமா?" பிள்ளை தன்னைத் திருநங்கை என்றோ, தன்பாலீர்ப்பாளர் என்றோ வீட்டில் சொன்னதும் பல பெற்றோரின் மனதில் ஓடும் கேள்விகள் இவை. இரண்டுக்குமே பதில், இல்லை. ஆனா, ஏன் இல்லை?

ஒரு ஆய்வு, ஒரு செயலி

2019 ஆகஸ்ட்டில் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. சுமார் 4.7 லட்சம் பேரின் மரபணுத் தகவல்கள் அலசப்பட்டன. ஒரே பாலினத்தவருடன் ஒருமுறையாவது உறவு கொண்டதுண்டா என்பதுதான் அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி.

1990களில் இருந்து பேசப்பட்டு வந்த 'கே ஜீன்' என்ற ஒற்றை மரபணு அதில் கிடைக்கவே இல்லை. 5 இடங்களில் மட்டும் தெளிவான தொடர்பு தெரிந்தது. சின்னச் சின்ன மரபணு மாற்றங்களை எல்லாம் கூட்டினாலும், மக்களிடையே உள்ள வேறுபாட்டில் 8 முதல் 25 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. ஒருவரின் டிஎன்ஏவைப் பார்த்து 'இவர் இப்படித்தான்' என்று சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள்.

ஆனாலும் சும்மா விடவில்லை. சில வாரங்களிலேயே, டிஎன்ஏ தகவலைக் கொடுத்தால் 'நீங்கள் எவ்வளவு கே' என்று மதிப்பெண் போடும் செயலி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியவர் வசித்தது உகாண்டாவில். தன்பாலீர்ப்பு அங்கே தண்டனைக்குரிய குற்றம். அப்படிப்பட்ட இடத்தில் இந்த மதிப்பெண் யார் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடும் எதிர்ப்புக்குப் பிறகு செயலி நீக்கப்பட்டது.

திருநர் விஷயத்தில்?

அந்த ஆய்வில் திருநர் சேர்க்கப்படவில்லை. ஈர்ப்பு வேறு, பாலின அடையாளம் வேறு. திருநரைப் பற்றிய மரபணு ஆய்வுகள் இன்னும் சிறியவைதான். 2019இல் 380 திருநங்கைகளிடம் நடந்த ஆய்வு, பாலியல் ஹார்மோன்கள் வேலை செய்யும் விதத்தோடு தொடர்புடைய சில மரபணுக்களைச் சுட்டிக்காட்டியது. அது ஒரு துப்பு மட்டுமே. அதை வைத்து டெஸ்ட் எதுவும் செய்ய முடியாது.

அப்படின்னா, மரபணுத் தொடர்பு இருந்தால் அது நோயா? உயரம்கூட பெரும்பாலும் மரபணு வழி வருவதுதான். உயரமாக இருப்பதை யாரும் நோய் என்பதில்லை. மனச்சிதைவில் மரபணுவின் பங்கு அதிகம். மனச்சோர்வில் இரட்டையர் ஆய்வுகளின்படி 30 முதல் 40 சதவீதம். மீதி, வாழும் சூழல்.

அந்த 'மீதி'யில்தான் சிக்கல் இருக்கிறது. பால்புதுமையினரிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கேலி, வீட்டை விட்டுத் துரத்தப்படுவது, வேலை மறுக்கப்படுவது என அன்றாடம் சேரும் அழுத்தம் இதற்கு முக்கியக் காரணம் என்று 2003இல் உளவியலாளர் இலான் மேயர் விளக்கினார். 2016இல் அமெரிக்காவில், குடும்பம் ஏற்றுக்கொண்ட 73 திருநர் குழந்தைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. மனச்சோர்வு மற்ற குழந்தைகளுக்கு இருக்கும் அளவில்தான் இருந்தது. பதற்றம் மட்டும் கொஞ்சம் அதிகம். மருந்துச்சீட்டில் எழுத முடியாத ஒன்றுதான் இங்கே வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது.

நோய்ப் பட்டியலும் நீதிமன்றமும்

தன்பாலீர்ப்பை 1990இலேயே நோய்ப் பட்டியலில் இருந்து நீக்க முடிவெடுத்த உலக சுகாதார அமைப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வகைப்பாட்டில் திருநர் அடையாளத்தையும் மனநோய்ப் பிரிவில் இருந்து எடுத்துவிட்டது. பாலியல் நலம் சார்ந்த பிரிவில் அது வைக்கப்பட்டுள்ளது. மருத்துவ உதவி தேவைப்படுபவருக்கு அது கிடைக்க வேண்டும் என்பதற்காக.

தமிழ்நாட்டில் இது சட்டப் பிரச்சனையாகவே வந்தது. பெற்றோர் எதிர்ப்பால் மதுரையில் இருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்பு கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. தனக்கே இதில் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். 2021 ஜூனில், 'மாற்று சிகிச்சை' என்ற பெயரில் யாரையும் 'சரிசெய்ய' முயல்வதற்குத் தடை விதித்தார். இதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அத்தகைய சிகிச்சையை மருத்துவரின் தொழில் நெறிமீறல் என்று அறிவித்தது.

ஆக, 'ஊசி போட்டு மாத்திடலாம்' என்று ஒரு டாக்டர் சொன்னால், அவர் மீது மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். சமூகம் ஏற்காத நடத்தை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமும் சொல்கிறது.

மன அழுத்தத்தில் இருப்பவர்களும், என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோரும் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.