சீறாத பாம்பு சுகமாக இருக்கிறதா?

பாம்பு என்றால் சீறும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் சீறாத பாம்பு நிம்மதியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது சுலபம். வீட்டில் மலைப்பாம்பு வளர்ப்பவர்களின் பெரிய தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் மலைப்பாம்புகளில் ஒன்று ‘பால் பைத்தான்’. கானா, டோகோ, பெனின் போன்ற ஆப்பிரிக்க நாடுகள்தான் இதன் சொந்த ஊர். பெயர்தான் மலைப்பாம்பு, பெரும்பாலும் நாலைந்து அடியோடு நின்றுவிடும். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். பெயர் வந்ததே அதனால்தான். அந்தப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு “என்ன சமத்து!” என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அது சமத்து இல்லை, பயம்!

பாம்புக்குக் கண்ணிமை கிடையாது. முகம் சுளிக்கத் தெரியாது. உதரவிதானமும் கிடையாது, விலா எலும்புகளை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. அதனால் மனிதனைப் போல இருமித் துப்ப முடியாது. நுரையீரலில் சேர்ந்த சளி அங்கேயே தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஆகவே அதன் மூச்சுச் சத்தம் சாதாரண விஷயம் இல்லை.

கை நீட்டும்போது ஒரு ‘உஸ்ஸ்’ என்றால், “கிட்டே வராதே” என்று அர்த்தம். கையை எடுத்துவிட்டால் போதும். சட்டை உரிக்கும் நாட்களில் மூக்குத் துளையில் பழைய தோல் ஒட்டி லேசான விசில் கேட்கலாம். உரித்த பிறகு போய்விடும். யாரும் தொடாதபோதும் ‘களக் களக்’ என்று சத்தம், மூக்கில் நுரை, வாயில் கெட்டியான எச்சில், வாயைத் திறந்து மூச்சு, தலையை மேலே தூக்கியபடியே இருப்பது... இவை நோயின் அறிகுறிகள். பெட்டியில் சூடு குறைந்திருக்கலாம், ஈரமும் காற்றோட்டமும் சரியில்லாமல் இருக்கலாம். 2014-ல் மலைப்பாம்புகளில் கண்டறியப்பட்ட நிடோவைரஸாகவும் இருக்கலாம். எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

“பாம்புக்கு என்ன மன அழுத்தம், எல்லாம் மனிதக் கற்பனை” என்று சிலர் கேட்பார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நல்ல ஆரோக்கியமான பால் பைத்தான்கூட சில மாதங்கள் சாப்பிடாமல் இருக்கும். ஒரே ஒரு அடையாளத்தை வைத்துப் பதறக் கூடாதுதான். ஆனால் கழுத்தை வளைத்துத் தாக்கத் தயாராக நிற்பது, கண்ணாடியில் மூக்கை ஓயாமல் தேய்ப்பது, எடை குறைவது எல்லாம் கற்பனை இல்லையே? கண்ணால் பார்த்து நோட்டில் குறித்து வைக்கக் கூடியவை அவை.

இந்திய மலைப்பாம்பை வீட்டில் வளர்க்க 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது. ஆனாலும் ஆசை விடவில்லை. 2023-ல் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அந்தப் பெட்டிக்குள் எந்தப் பாம்பின் மூச்சை யார் கேட்டிருப்பார்கள்?

சட்டம் அனுமதிக்கும் நாட்டிலும், கண்ணாடிப் பெட்டி வாங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பாம்புக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால், அந்த ஆசையைத் தள்ளி வைப்பதே பாம்புக்குச் செய்யும் பெரிய உதவி.