எழுநூற்றில் ஒரு பங்கு

பிளாஸ்டிக் பாகங்களைப் பசையிட்டு ஒட்டிக் கப்பல் செய்வதைச் சிறுபிள்ளை வேலையென்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். அதனை ஒரு கலையாகக் கொள்ளும் என் நண்பர் சிலரோ, அக்கலையை வளர்த்த பெட்டி எதுவென்று கேட்டால், அமெரிக்காவின் றெவெல் கம்பனி 1959இல் வெளியிட்ட 'கற்றி சார்க்' பாய்க்கப்பலையே முதலிற் சுட்டுவர். தொண்ணூற்றாறில் ஒரு பங்கு அளவில் அமைந்த பெருங் கப்பல் அது. பாய்மரக் கயிறுகளை நூல் நூலாக இழுத்துக் கட்டவேண்டும். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும் இப்பொழுதுபோக்கை விளையாட்டு மேசையிலிருந்து வாசிப்பு மேசைக்குக் கொண்டுவந்தது அதுவன்று என்பது என் துணிபு. அப்பெருமை அடிப்பாகமே இல்லாத சில சிறிய சாம்பல் நிறக் கப்பல்களுக்கு உரியது.

தொடக்கத்தைச் சிறிது நோக்குவோம். இங்கிலாந்தில் 1939இல் ஏர்பிக்ஸ் கம்பனியைத் தொடங்கிய நிக்கொலஸ் கோவ் ஹங்கேரியிலிருந்து வந்தவர். காற்றடைத்த இறப்பர்ப் பொம்மைகளும், பின்னர் தலைவாரும் சீப்புகளுமே அவருடைய சரக்கு. 1952இல் அக்கம்பனி வூல்வேர்த் கடைகளுக்காக டிரேக்கின் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலைச் சிறு வடிவிற் செய்தது. இரண்டு சிலிங்குக்கு விற்கவேண்டுமென்பதற்காக அட்டைப்பெட்டி கைவிடப்பட்டது. பாகங்கள் ஒரு பையிலிடப்பட்டன. பையின் வாயை மூடி மடித்த கடதாசியிலேயே செய்முறையும் அச்சிடப்பட்டது. சிறுவரின் கைக்காசுக்கு எட்டிய கப்பல் அது. ஆனால் டிரேக்கின் கப்பலுக்கு வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. ஆகவே அம்மாதிரியின் உருவத்திற் பெரும்பகுதி ஊகம்.

மறுவருடம், 1953இல், றெவெல் கம்பனி 'மிசூரி' போர்க்கப்பலை வெளியிட்டது. 1945 செப்ரெம்பர் 2இல் யப்பான் சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டது இக்கப்பலின் தளத்திலேதான். அண்மையில் முடிந்த வரலாற்றைச் சிறுவர் தம் கையாற் கட்டலாயினர். ஆயினும் இங்கே ஒரு பெருங்குறை இருந்தது. அக்காலத்து மாதிரிகள் பலவற்றின் அளவை நிச்சயித்தது கப்பலன்று, பெட்டி! கடைத் தட்டில் அடுக்குவதற்கு வசதியான பெட்டி ஒன்று. அதற்குள் அடங்கும் வண்ணம் ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு விகிதத்திற் சுருக்கப்பட்டது. 270 மீற்றர் நீளமுள்ள மிசூரி 535இல் ஒரு பங்கானது அவ்வாறுதான். சிறிய நாசகாரிக் கப்பலையும் பெரிய போர்க்கப்பலையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஏறத்தாழ உடன்பிறந்தவை போலத் தோன்றின. ஒவ்வொன்றும் தனித்தனியே மெய். கூட்டி வைத்தாற் பொய். ஏர்பிக்ஸ் தன் போர்க்கப்பல்களுக்கு 600இல் ஒன்று என்ற அளவை வகுத்துக்கொண்டமை பாராட்டுக்குரியது. எனினும் அது ஒரு கம்பனியின் ஒழுங்கு மட்டுமே.

முழுமையான விடை யப்பானிலிருந்து வந்தது. சிசுவோக்கா நகரம் மரவேலைக்குப் பேர்போனது. அங்குள்ள தமியா கம்பனி மரம் அரியும் ஆலையாகத் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, அமெரிக்கப் பிளாஸ்டிக் வரவால் நெருக்குண்டு, 1960இல் தன் முதலாவது பிளாஸ்டிக் மாதிரியாக 'யமாத்தோ' போர்க்கப்பலை வெளியிட்டது. அதைவிட மலிவான வேறொரு யமாத்தோ சந்தையில் இருந்தமையால் அம்முயற்சி இழப்பிலேயே முடிந்தது. ஒரே கப்பலைப் பலர் செய்து ஒருவரையொருவர் கெடுக்கும் வாணிபம் அது.

அதே நகரத்தின் தமியா, அவோசிமா, ஹசெகாவா, புஜிமி ஆகிய நான்கு கம்பனிகளும் 1971இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கப்பல்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. எல்லாவற்றுக்கும் 700இல் ஒன்று என்ற அளவு. எல்லாம் நீர்க்கோட்டில் அறுக்கப்பட்டவை. ஒரு கடற்படை முழுவதையும் தனியொரு கம்பனி அச்சில் வார்ப்பது எளிதன்று. நான்கு கம்பனிகளுக்கு அது கைகூடிற்று. 1992இல் புஜிமி விலகியது. ஆனால் விலகிய பின்னரும் அது தன் கப்பல்களை அதே எழுநூற்றில்தான் செய்துவருகின்றது. பின்வந்த சீனக் கம்பனிகளும் அவ்வளவைப் பின்பற்றின. கூட்டு உடைந்தும் அளவுகோல் உடையவில்லை.

சுக்கானும் உந்தியும் இல்லாத கப்பல் ஒரு கப்பலா என்று கேட்பர். கடலில் மிதக்கும் கப்பலை அவ்வாறன்றி வேறெவ்வாறு நாம் காண்கிறோம்? தாங்குகோலில் நிற்கும் மாதிரி காட்சிச்சாலைப் பொருள். மேசைமீது நேரே அமரும் மாதிரிக்கோ மேசையே கடலாகிவிடுகின்றது.

நமக்கு அண்மையான உதாரணம் ஒன்று கூறுவேன். விமானந்தாங்கியாகவே முதலில் வடிவமைக்கப்பட்ட பிரித்தானியக் கப்பல் 'ஹேர்மிஸ்', திருகோணமலையிலிருந்து வெளியேறி, 1942 ஏப்பிரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அவ்வேளை அதில் விமானங்கள் இருக்கவில்லை. எதிர்த்து வந்த ஐந்து விமானந்தாங்கிகளுள் 'அக்காகி' ஒன்று. ஹேர்மிஸை அவோசிமாவும் அக்காகியை ஹசெகாவாவும் எழுநூற்றிற் செய்துள்ளன. இரண்டையும் ஒட்டி அருகருகே வைத்தேன். ஹேர்மிஸ் 26 சென்ரிமீற்றர். மாணாக்கரின் அடிமட்டத்துள் அடங்கிவிடும். அக்காகி 37, அடிமட்டத்தைக் கடந்து நீளும். அன்றைய காலையில் நிகழ்ந்ததைப் பல பக்கங்கள் வாசித்தும் விளங்காத அளவுக்கு அக்காட்சி விளக்கிற்று. பெட்டிக்கேற்பச் சுருக்கிய மாதிரிகளால் இது இயலுமா?

போர்க்கருவிகளை அழகுப்பொருளாக்கலாமா என்று ஆசிரிய நண்பர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. இம்மாதிரிகளிற் பீரங்கி உண்டு, படகு உண்டு, நங்கூரம் உண்டு, மாலுமி இல்லை. பெட்டியின் மேலுள்ள ஓவியத்திலும் புகையும் அலையுமே மேலோங்கி நிற்கின்றன. இதற்கு விடை மாதிரிகளைப் பாடசாலையிலிருந்து விலக்குவதன்று என்றேன். அளவுகோல் ஒன்றென்றால் அது மனிதனுக்கும் பொருந்தவேண்டுமன்றோ? 1.7 மீற்றர் உயரமான ஒருவன் இவ்வளவிலே இரண்டரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக, ஓர் எள்ளளவாக இருப்பான். ஹேர்மிஸில் மாண்டவர் 307 பேர். வரலாற்று வகுப்பிற் கப்பலை ஒட்டி முடித்ததும், மாணாக்கர் 307 எள்ளை எண்ணி அத்தளத்தில் வைக்கட்டும் என்றேன். நண்பர் தம் வகுப்புக்கு ஒரு பெட்டி தருவிப்பதாகக் கூறியுள்ளார்.