புயலுக்கு முந்தைய நாளே

பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் நிக்டியில் இருக்கும் நான், மழைக்காலத்தில் வேளச்சேரி அண்ணனிடம் முதலில் கேட்பது, "அண்ணே, அடுத்த டயாலிசிஸ் என்னைக்கு?" 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட்டும் இல்லை. நான்கு மணி நேர டயாலிசிஸுக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஊரே வெள்ளக்காடு, மெஷினுக்குத் தண்ணீர் இல்லை! முறை தவறினால் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம்.

2012இல் சாண்டி புயல் வருமுன்பே நியூயார்க், நியூஜெர்சியில் பலருக்கு டயாலிசிஸை முடித்துவிட்டார்கள். அவர்களிடையே அடுத்த 30 நாள்களில் இறப்பு குறைவாக இருந்ததை ஆய்வு காட்டியது. மீனவர்களைக் கரைக்கு அழைக்கும் அரசு, அன்றே டயாலிசிஸ் நோயாளிகளையும் மையத்துக்கு அழைக்கவேண்டும். சென்னை மட்டுமல்ல, நிசர்கா புயலைப் பார்த்த எங்கள் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியும்தான்.

நிவாரணமாக வாழைப்பழமும் இளநீரும் கொடுக்கும் புண்ணியவான்களே, பொட்டாசியம் மிகுந்த இரண்டும் அண்ணனுக்கு ஆகாது.