ஏட்டுச் சுரைக்காயும் இருபது காசும்

வயிற்றுக்காகப் போராடிய காலம் மலையேறிவிட்டது; இனி மாந்தர் தம் அடையாளத்துக்காகவும் வாழ்க்கை முறைக்காகவுமே போராடுவர் என்றொரு கொள்கை, 1968-ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சிக்குப் பின்னர் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. புதுச் சமூக இயக்கக் கோட்பாடு என்பது அதன் பெயர். பிரான்சின் அலேன் தூரேன், இத்தாலியின் அல்பெர்த்தோ மெலூச்சி, ஜெர்மனியின் யூர்கன் ஹாபர்மாஸ் ஆகியோர் அதனை வளர்த்தவர்களுள் முதன்மையானோர். புதிய பூசல்கள் பொருட்பங்கீட்டைப் பற்றி எழுவன அல்ல, வாழும் முறையைப் பற்றி எழுவன என்னும் கருத்தை ஹாபர்மாஸ் 1981-இல் முன்வைத்தார்.

பெண்ணுரிமை, சுற்றுச்சூழல், அணுகுண்டு எதிர்ப்பு ஆகிய இயக்கங்களை விளக்க அக்கொள்கை துணைசெய்தது உண்மையே. ஆயின், பெருநகரத் தெருக்களில் மக்கள் வெள்ளமெனத் திரளும் போராட்டங்கள் அனைத்தையும் அந்த ஒரே கோலால் அளப்பது முறையாகுமா?

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். 2013 ஜூன் தொடக்கத்தில் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் பேருந்துக் கட்டணம் 3 ரெயாலிலிருந்து 3 ரெயால் 20 காசாக உயர்ந்தது. கட்டணமில்லாப் பயண இயக்கத்தினர் 6-ஆம் நாள் தெருவில் இறங்கினர். 13-ஆம் நாள் காவல்துறை இரப்பர் குண்டுகளாலும் கண்ணீர்ப் புகையாலும் அவர்களைத் தாக்கியது; செய்தியாளரும் காயமுற்றனர். அந்த அடி நாட்டையே எழுப்பியது. 19-ஆம் நாள் கட்டண உயர்வு கைவிடப்பட்டது. அதற்கு மறுநாளும் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் 10 இலட்சத்துக்கும் மேலானோர் திரண்டனர்.

“20 காசுக்காக அன்று” என்பது அன்று ஒலித்த முழக்கங்களுள் ஒன்று. புதுக் கோட்பாட்டார் இம்முழக்கத்தைப் பற்றிக்கொண்டு, பார்த்தீர்களா, இது பணத்துக்கான போராட்டமன்று என்பர். இதனினும் பெரிய பிழை வேறில்லை. நகரின் விளிம்பில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் பேருந்துக் கட்டணம் என்பது வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லக் கொடுக்கும் நுழைவுக் கட்டணம். அதனைக் கொடுக்க இயலாதவனுக்கு நகரம் இருந்தும் இல்லாததே. ஆகவே, அங்கே காசும் மானமும் இரண்டல்ல. 2014 உலகக் கோப்பைக்கான விளையாட்டரங்குகளுக்கு நிகரான மருத்துவமனைகளும் பள்ளிகளும் வேண்டும் என்று மக்கள் கேட்டதும் பங்கீட்டுக் கேள்வியே அன்றோ? 2015-இல் பிரேசில் தன் அரசியலமைப்பைத் திருத்திப் போக்குவரத்தைச் சமூக உரிமைகளுள் ஒன்றாக்கியது. தெரு கேட்டது இன்னதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கோட்பாடு முழுவதும் பதர் என்பது வாதமன்று. இயக்கங்கள் அன்றாட வாழ்வின் அடியில் நெடுங்காலம் மறைந்து வளர்ந்து, பின்னரே வெளிப்படுகின்றன என்றார் மெலூச்சி. அது மெய். 2003-இல் சால்வடோரிலும் 2004-இல் புளோரியானோபொலிசிலும் மாணவர் கட்டண உயர்வை எதிர்த்ததையும், 2005-இல் அவ்வியக்கம் அமைப்பாக உருப்பெற்றதையும் அறியாதவர்க்கே 2013 திடீர் வெடிப்பாகத் தோன்றும்.

எனினும், தலைமையின்மையையும் கட்சி சாராமையையும் புதுமையின் அணிகலன்களாகப் போற்றுவது கேடு விளைப்பது. ஜூன் 20-ஆம் நாள் சாவோ பாவ்லோவில் இடதுசாரிக் கட்சிகளின் கொடிகளே தாக்கப்பட்டன. பிற்போக்காளர் ஊடுருவினர் என்று கூறி, போராட்டத்தைத் தொடங்கிய இயக்கமே மேலும் அழைப்பு விடுப்பதை நிறுத்தியது. 2015, 2016-ஆம் ஆண்டுகளில் அதே தெருக்களை வலதுசாரிக் கூட்டங்கள் நிரப்பின. ஆளில்லா வீட்டில் அயலார் குடிபுகுவது இயல்பே. எவருடைய நலனுக்காக, எவரை எதிர்த்து என்னும் பழைய வினாவை எழுப்பாத கோட்பாடு இத்திருப்பத்தை எவ்வாறு விளக்கும்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. கோட்பாட்டை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிக்கும் மாணவர் மதிப்பெண் பெறலாம். தெருவின் பேச்சு அவருக்கு விளங்காது. கற்பிக்கும் ஆசிரியர் முதலில் மாணவரைக் கேட்கச் செய்ய வேண்டிய வினாக்கள் மூன்று: கூடியவர் யார்? அவர் இழந்தது என்ன? வென்றபின் பயன் எவர் கைக்குச் சென்றது? இவற்றுக்கு விடை கண்டபின் கோட்பாட்டைத் திறக்கட்டும். மக்கள் போராட்டமே கோட்பாட்டைச் சோதிக்கும் உரைகல். கோட்பாடு மக்களைச் சோதிக்கும் உரைகல் அன்று.