திருகைத் திருப்பினால் திறன் கூடுமா?



ஓசூருக்கு அருகே, தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது தொரப்பள்ளி. 1878 ஆம் ஆண்டு இராஜாஜி பிறந்த ஊர் என்று அதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அப்பக்கத்துச் சாலைகளில் விடியற்காலையில் நின்று பாருங்கள். தக்காளிக் கூடைகளும், பூ மூட்டைகளும், பால் கேன்களும் ஏற்றிய சிறு இருசக்கர வண்டிகள் ஓசூரை நோக்கி விரைந்துகொண்டிருக்கும். அவற்றுள் பலவற்றின் பிறந்த ஊரும் அதுதான். இருவர் ஏறிச் செல்லத்தக்க டி.வி.எஸ். 50 மொபெட் 1980 ஆம் ஆண்டு ஓசூரிலிருந்துதான் வந்தது. 1984 இல் அங்கிருந்தே இண்ட்-சுசுகி 100 சி.சி. மோட்டார் சைக்கிளும் வெளிவந்தது. ஆகவே இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு எஞ்சின் என்பது பாடப்புத்தகத்துப் படம் அன்று. திண்ணையோரம் நிற்கும் வீட்டுப் பொருள்.

வீட்டுப் பொருளானால் அதைப் பற்றி நம்பிக்கைகளும் பெருகும். அவற்றுள் ஒன்று, "டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் வைத்தால் வண்டி பறக்கும்" என்பது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கும் ஓசூர்ப் பணிமனைகளில் இந்த 'அட்வான்ஸ்' என்ற சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை! இந்த நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி பிஸ்டனைத் தின்றுவிடும். அந்தத் திருகைக் காதை நம்பித் தொடக்கூடாது. அளவுகோலை நம்பித் தொடலாம் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறியை உண்டாக்குகிறது. உடனே கலவை முழுவதும் 'டமார்' என்று வெடித்துவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படி இல்லை. வைக்கோற்போரின் ஒரு மூலையில் வைத்த தீ மறுமூலைக்குப் பரவுவது போல, பிளக்கின் முனையில் தோன்றிய சுடர் சிலிண்டரின் ஓரம் வரை பரவிச் செல்ல வேண்டும். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். மிகச் சிறிய நேரம்தான். ஆனால் எஞ்சினின் கணக்கில் அது பெரிய நேரம்.

ஒரு கணக்குப் போடுவோம். எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 12 மில்லி விநாடி. ஒரு சுற்று 360 பாகை. எனவே கிராங்க் அச்சு ஒரு பாகை திரும்ப ஒரு மில்லி விநாடியில் முப்பதில் ஒரு பங்கு போதும். கலவை எரிந்து முடிய ஏறக்குறைய ஒன்றரை மில்லி விநாடி ஆனால், அதற்குள் கிராங்க் 45 பாகை திரும்பியிருக்கும்! பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி கொடுத்தால், கலவை எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கீழே ஓடிப்போகும். வெப்பம் பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சரைச் சூடாக்கும். அதனால்தான் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறி தரப்படுகிறது. சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் 20 பாகையை ஒட்டி முந்தியிருப்பது வழக்கம்.

பொறியை இன்னும் முந்தித் தந்தால் என்ன? ஊஞ்சல் ஆட்டியிருப்பீர்கள். ஊஞ்சல் நம்மை நோக்கி வந்து, நின்று, திரும்பத் தொடங்கும்போது தள்ளினால் அது உயரப் போகும். வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சத்தை எட்டினால், எஞ்சின் தன்னோடு தானே மல்லுக்கட்டுகிறது. பிஸ்டன் உச்சியைக் கடந்து 10 முதல் 15 பாகை இறங்கிய இடத்தில் அழுத்தம் மிக உயர்ந்திருந்தால் வேலை அதிகம் கிடைக்கும் என்று சோதனைகள் காட்டியுள்ளன. அந்த நிலையைத் தரும் பொறி நேரமே சிறந்த நேரம். அதற்கு முந்தினாலும் நட்டம், பிந்தினாலும் நட்டம்.

அப்படியானால் 'அட்வான்ஸ் வைத்தால் இழுவை கூடும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? மெக்கானிக்குகள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் கண்டது உண்மைதான். பழைய சிறு எஞ்சின்களில் ஃப்ளைவீலுக்குள் 'பாயிண்ட்' எனப்படும் தொடுமுனைகள் இருந்தன. அவை விலகும் கணத்தில் பொறி பிறக்கும். அவற்றின் இடைவெளி 0.35 மி.மீ. அளவு. ஃப்ளைவீலின் மேட்டில் உரசும் பாயிண்டின் நார்க் குதிகால் நாளடைவில் தேயும்; இடைவெளி குறையும்; பாயிண்ட் தாமதமாக விலகும்; பொறியும் தாமதிக்கும். வண்டி மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சோர்வதை ஓட்டுபவர் உணரமாட்டார். ஒருநாள் மெக்கானிக் இடைவெளியைச் சரிசெய்து டைமிங்கை முந்த வைப்பார். வண்டி புதிதுபோல் பாயும். பார்த்துக்கொண்டிருந்த பையன், "இவ்வளவு முந்தினால் இவ்வளவு பாய்ச்சல், இன்னும் முந்தினால்?" என்று எண்ணிக்கொள்வான். அந்த வண்டி இழந்ததைத்தான் திரும்பப் பெற்றது என்பதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

சரியாக வைத்த டைமிங்கிற்கு மேலே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். பொறி நேரத்தை மாற்றி மாற்றித் திறனை அளந்து வரைபடம் போட்டால் கூரான மலைமுகடு கிடைக்காது. உச்சி தட்டையான குன்றுதான் கிடைக்கும். சிறந்த இடத்திலிருந்து 5 பாகை விலகினால் குறைவது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். தொழிற்சாலைகள் பாதுகாப்புக்காகச் சிறந்த இடத்திற்குச் சற்றுப் பிந்தியே வைப்பதும் உண்டு. அந்த மிச்சத்தை நீங்கள் பிடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 8 குதிரைத்திறன் எஞ்சினில் நூற்றுக்கு ஒரு பங்கு என்பது சுமார் 60 வாட். ஒரு பழைய குண்டு பல்பின் அளவு! அதை ஓட்டுபவரின் உடல் உணராது.

ஆனால் காது ஏமாறும். டைமிங்கை முந்த வைத்ததும் வண்டி நின்ற நிலையில் ஓடும் வேகம் கூடும். ஓசையும் முறுகிக் கேட்கும். "சத்தம் ஏறிவிட்டது, சக்தியும் ஏறிவிட்டது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். நின்றுகொண்டிருக்கும் எஞ்சின் மெதுவாக, குறைந்த கலவையில் ஓடுகிறது. சுமையேற்றி மேடேறும் எஞ்சின் முழுக் கலவையில் ஓடுகிறது. முன்னதற்குப் பிடித்தது பின்னதற்கும் பிடிக்கும் என்று எப்படிச் சொல்வது?

இனிதான் ஆபத்தான பகுதி. அலுமினியம் 660° செ. வெப்பத்தில் உருகும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பமோ 2,000° செ.க்கும் மேல். பிறகு அலுமினியப் பிஸ்டன் எப்படி உருகாமல் இருக்கிறது? பிஸ்டனின் தலையை ஒட்டி ஒரு மெல்லிய வாயுப் படலம் போர்வை போல நிற்கிறது. உலோகத்தின் குளிர்ச்சியால் குளிர்ந்த அந்தப் படலம் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். நுழைந்த வெப்பத்தைச் சிலிண்டரும், அதன் வெளித்தகடுகள் மீது வீசும் காற்றும் வாங்கிக்கொள்ளும்.

பொறி மிகவும் முந்தினால், சுடர் பரவும்போதே ஓரத்தில் எரியாமல் காத்திருக்கும் கலவை அளவுக்கு மீறி நசுங்கிச் சூடேறும். சுடர் வந்து தொடும் வரை அது பொறுத்திருக்காது. தானே ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். இதுதான் 'நாக்கிங்'. முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ போன்ற பொறியாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தனர். இதைத் தடுக்கவே 1921 இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கும் வழியைக் கண்டார். அந்த ஈயம் உலகத்தின் காற்றைக் கெடுத்தது தனிக் கதை. நம் நாடு 2000 ஆம் ஆண்டில்தான் ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது.

நாக்கிங் ஏற்படும்போது அழுத்த அலைகள் சிலிண்டருக்குள் மோதி மோதித் திரும்பும். அவை பிஸ்டனின் போர்வையைக் கிழித்துவிடும். வெப்பம் நேராக உலோகத்தில் பாயும். முதலில் பிஸ்டன் தலையின் ஓரம் அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகும். பிறகு மோதிரங்கள் இறுகும். கடைசியில் தலையில் ஓட்டை விழும். பெரிய கார் எஞ்சினில் நாக்கிங் 'கிணிகிணி' என்று கேட்கும். காற்றால் குளிரும் சிறு டூ-ஸ்ட்ரோக்கிலோ தகடுகளின் அதிர்வும் சைலன்சரின் இரைச்சலும் அதை மறைத்துவிடும். எந்தக் காதை நம்பித் திருகைத் திருப்பினோமோ, அந்தக் காது எச்சரிக்கை தரவேண்டிய நேரத்தில் பயன்படாது.

ஓசூர்ப் பக்கத்தார் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு; காற்றும் குளிர்ச்சியானது. இரண்டுமே நாக்கிங்கைத் தள்ளிப்போடும். அங்கே முந்த வைத்துத் திருப்தியடைந்த வண்டி கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் உயரம் 500 மீட்டர் அளவுக்கு வந்துவிடும், வெயிலும் ஏறும். அதே வண்டியைச் சித்திரை மாதத்தில் சென்னைக்குக் கொண்டுபோனால்? ஓட்டை விழும்போது வண்டிக்காரர், "நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது" என்பார். நன்றாகத்தான் ஓடியது, 900 மீட்டர் உயரத்தில்! பாலும் காய்கறியும் விற்றுப் பிழைப்பவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போன நாள். 60 வாட்டுக்கு இந்த விலை கொடுக்கவேண்டுமா?

"பந்தயக்காரர்கள் முந்த வைக்கிறார்களே!" என்று கேட்பீர்கள். டி.வி.எஸ். நிறுவனத்துக்கே 1982 முதல் பந்தயக் குழு உண்டு. பந்தய எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள். பிஸ்டன் அவர்களுக்கு டயர் போலத் தேய்ந்து மாறும் பொருள். இன்னொன்றையும் கேளுங்கள். மிக வேகமாகச் சுழலும் டூ-ஸ்ட்ரோக் பந்தய எஞ்சின்களில் உச்ச வேகத்தில் பொறியைப் பிந்த வைப்பதுதான் வழக்கம். பிந்தினால் வெளியேறும் வாயு சூடாக இருக்கும். சூடான வாயுவில் ஒலி அலை விரைந்து செல்லும். அதனால் சைலன்சரின் அலை விளைவு உயர்ந்த வேகத்திலும் கைகொடுக்கும். கேட்டதற்கு நேர்மாறு, பார்த்தீர்களா?

இன்றைய புதிய வண்டிகளில் அந்தத் திருகே இல்லை. பொறி நேரத்தை மின்னணுப் பெட்டி முடிவுசெய்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் சிறு வண்டிகளிலும் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி புகுந்துவிட்டது. ஓசூர் மின்சார ஸ்கூட்டர்களும் செய்கிறது. "இனி இதையெல்லாம் எதற்குப் படிப்பது?" என்று கேட்கலாம். திருகு போய்விட்டது, ஆசை போகவில்லை. 'இதை மாட்டினால் சக்தி கூடும்' என்று சொல்லி விற்கும் பெட்டிகள் கடைக்கு வந்துவிட்டன. எத்தனை பாகை, எந்த வேகத்தில், எந்தச் சோதனையில் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

"எஞ்சினைத் தொடாதே" என்று பெரியவர்கள் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. சாலையில் ஓட்டத்தான் உரிமம் வேண்டும். மேசைமேல் கிடக்கும் எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. பயன்படாத பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றை ஒவ்வொரு பள்ளியும் வாங்கி வைக்கலாம். இயற்பியலும் திரிகோணமிதியும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

பிஸ்டன் போகும் தூரம் 50 மி.மீ., இணைப்புத் தண்டின் நீளம் 100 மி.மீ. என்று கொண்டால், 20 பாகையில் பிஸ்டன் உச்சிக்கு 1.9 மி.மீ. கீழே இருக்கும், 25 பாகையில் 2.9 மி.மீ. கீழே. கணக்கிட்டுச் சரிபாருங்கள். 5 பாகைக்கு ஒரு மில்லிமீட்டர்! பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டின் விட்டம் 80 மி.மீ. ஆனால், அதன் ஓரத்தில் ஒரு பாகை என்பது வெறும் 0.7 மி.மீ. கண்திட்டத்தில் இதை யாரால் வைக்கமுடியும்?

ஸ்பார்க் பிளக் துளை நேராக உள்ள எஞ்சினை ஆசிரியரோ மெக்கானிக்கோ உடனிருக்க எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றி, வெர்னியர் அளவுகோலின் ஆழத் தண்டைத் துளைக்குள் விட்டு, பிஸ்டனின் உச்சிநிலையைக் குறியுங்கள். பாயிண்டுகளுக்கு நடுவே மெல்லிய தாள் துண்டு ஒன்றைச் செருகி மெல்ல இழுத்துப் பிடியுங்கள். நண்பர் ஒருவர் ஃப்ளைவீலை அது சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்பட்டும். தாள் விடுபடும் அந்த இடத்தில் நிறுத்தி, பிஸ்டன் உச்சிக்கு எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பிறகு வண்டியின் கையேட்டைத் திறந்து, அதில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அப்போது ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.