பட்டியலில் வராத பெயர்கள்

"யார் பணம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், கம்பெனியின் தரம் தெரிந்துவிடும்" என்று அழகர்கோவில் அடிவாரத்து டீக்கடையில் நண்பர் அடித்துச் சொன்னார். நான் ஒப்பவில்லை.

மென்பொருள் நிறுவனமான சோகோ 1996-இல் தொடங்கியது. யாருக்கு எந்த வேலை, என்றைக்குக் கெடு என்று கணக்கு வைக்கும் 'சோகோ புராஜெக்ட்ஸ்' அதன் கிளவுட் சரக்குகளில் ஒன்று. துணிகர முதலீட்டாளர் பணத்தை அது தொட்டதில்லை. நண்பரின் அளவுகோலில் அதற்குத் தரமே இல்லை!

ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனத்தின் கதை வேறு. ஆக்செல், டைகர் குளோபல் போன்ற முதலீட்டாளர்கள் பணத்தில் வளர்ந்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக் ஏறியது. ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 2024 நவம்பரில் சுமார் 660 பேரைக் குறைத்த கையோடு, 40 கோடி டாலர் வரை சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தது. பங்கு வைத்திருப்பவருக்குத்தான் முதல் பந்தி.

சித்திரையில் அழகர் மதுரைக்கு இறங்கும்போது கூடவே உருண்டுபோகும் உண்டியல் வண்டிகளைப் பாருங்கள். ஐந்தும் பத்துமாக வழிநெடுக நிறைகின்றன. இந்த நிறுவனங்களின் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டும் சின்னக் கடைக்காரர் பணமும் அப்படித்தான் சேர்கிறது. அவர் பெயர் எந்த முதலீட்டாளர் பட்டியலில் இருக்கிறது?