கனிந்து விழுந்த பேரரசுகளா?

அரபுப் படையெடுப்புகளைப் பற்றிப் பேசப் புகும் மேடைப் பிரசங்கிகள் பலரும் நெடுங்காலமாக ஒரே பாடத்தைப் பாராயணம் செய்து வருகிறார்கள்: ரோமும் பாரசீகமும் தம்முள் பொருது பழுத்த கனிகளாகத் தொங்கின, மதாவேசம் கொண்ட பாலைவனத்தார் மரத்தை உலுக்கினர், கனிகள் விழுந்தன. தளபதி என்று ஒருவன் அந்தச் சரித்திரத்தில் இருந்ததாகவே இவர்கள் வாயில் வருவதில்லை.

602 முதல் 628 வரை நிகழ்ந்த யுத்தத்தில் இரு சாம்ராஜ்யங்களும் இளைத்தது மெய்தான். ஆயினும் 634இல் யூப்ரடீஸ் கரையில் நடந்த பாலப் போரில், இளைத்த அதே பாரசீகத்தின் யானைகள், ஆற்றைக் கடந்து அக்கரையில் போய் நின்ற அரபுப் படையைச் சிதறடித்து, அதன் தலைவர் அபூ உபைதையும் மிதித்துக் கொன்றன. கனி அன்று ஏன் விழவில்லையோ, பிரசங்கிகளே அறிவார்கள்.

எண்ணிக்கையால் வென்றார்கள் என்பாருக்கு ஒரு வரி போதும்: 639இல் எகிப்தினுள் புகுந்த அம்ர் இப்னுல் ஆஸுடன் வந்தவர் ஏறத்தாழ 4000 பேர்.

மதாவேசத்துக்கு வருவோம். 625இல் உஹத் மலையடிவாரத்தில் அந்த ஆவேசம் முழுவதும் நபிகள் நாயகத்தின் பக்கம் நின்றது. எதிர்ப்பக்கத்துக் குறைஷிகளின் குதிரைப்படையில் காலித் இப்னு வலீத் நின்றார். குன்றின்மேல் காவல் வைக்கப்பட்ட வில்லாளிகளுள் பெரும்பாலோர், வெற்றி கைகூடிவிட்டதென்று எண்ணிக் கொள்ளைப் பொருளை நாடி இறங்கிய அந்தக் கணத்தில், காலித் குன்றைச் சுற்றி வந்து பின்புறத்தில் பாய்ந்து, ஏறக்குறைய முடிந்துவிட்ட போரைத் தலைகீழாக்கினார். பிற்பாடு இஸ்லாத்தைத் தழுவிய இதே மனிதர், 629இல் முஃதாவில் ஸைத், ஜஃபர், அப்துல்லாஹ் என மூன்று தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தபின் கொடியை ஏற்று, எஞ்சிய சேனையை அழியாமல் மீட்டுக்கொண்டு வந்தார். 634இல் இராக்கிலிருந்து நீரற்ற பாலைவனத்தைக் கடந்து, எவரும் எதிர்பாராத திக்கிலிருந்து சிரியாவில் தோன்றினார். 636இல் யர்மூக்கில், பாரசீகத்தையே பணியவைத்த ஹிராக்ளியஸ் சக்கரவர்த்தியின் பெருஞ்சேனையைப் பல நாள் பொருது முறியடித்த வெற்றியிலும் அவர் கையே ஓங்கி நின்றது. நம்பிக்கை மாறியது, குதிரையை எப்போது எங்கே செலுத்துவது என்ற ஞானம் மட்டும் மாறவில்லை. இதற்கும் ஆவேசம் என்றே பெயரிடுவாரோடு வாதிடுவது வீண்.

கடைசியில் கலீபா உமர் காலிதைப் பதவியிலிருந்து விலக்கினார். வெற்றிகளெல்லாம் காலிதாலேயே வருகின்றன என்று ஜனங்கள் மயங்கிவிடலாகாது என்பதே அதற்குக் காரணமென்று அரபுச் சரித்திராசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் பிரசங்கிகளுக்கோ அத்தகைய கவலை எழ நியாயமே இல்லை.